ஆறு இலக்கம்

நெல் விற்ற காசு வங்கியில் விழுந்து
மூன்று நாள் ஆகவில்லை.
கனகராயன்குளத்தில் சூடடித்து முடிந்தது
எங்கேயோ இருக்கிறவனுக்கு
எப்படித்தான் மணக்கிறதோ.

கடலை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
கையெல்லாம் புழுதி.
சின்னவிரலால் தட்டிப் போனைக் காதில் வைத்தேன்.

"வணக்கம் அம்மா, வங்கியின்ர தலைமை ஒபிசில இருந்து கதைக்கிறம்.
உங்கட காட் இண்டைக்கு அஞ்சு மணியோட நிண்டுபோகும்."

நல்ல குரல்.
அவசரமும் இருந்தது, அவசரப்படாத மாதிரியும் இருந்தது.
என் பெயரை முழுதாகச் சொன்னான்,
கச்சேரியிலேயே பிழைபிழையாக எழுதுகிற பெயரை:
"இராசகுலன் அமிர்தகௌரி. சரிதானே?"

பதினாறு வருடம்.
அந்த முதற்பாதியை
ஒரு மனிதன் இப்படிச் சாதாரணமாக,
சந்தைக்குப் போயிருக்கிற ஆளின் பெயரைப் போல,
சொல்லி நான் கேட்டதில்லை.
ஓம் என்றேன்.
அந்த ஓமில்தான் பிடித்துக்கொண்டான்.

"இப்ப உங்கட போனுக்கு ஆறு இலக்கம் வரும்.
அதை வாசிச்சுச் சொன்னால் காணும்."

வந்தது.
இங்கிலீசுக்கு நடுவில்
எனக்கு வாசிக்கத் தெரிந்தது அந்த ஆறும்தான்.

இலக்கம் சொல்லிப் பழகிய வாய் இது.
செட்டிகுளத்தில் கூடார இலக்கம்,
தண்ணீருக்குக் கூப்பன் இலக்கம்,
பிறகு மேசை மேசையாக முறைப்பாட்டு இலக்கம்.
அந்தப் பக்கம் கொலர் வைத்த குரல் என்றால்
இந்தப் பக்கம் நாக்கு தானாகவே எழும்பி நிற்கும்.
முதல் இலக்கத்தைச் சொல்லியும் விட்டேன்.
நான்கு.

அப்போதுதான் அந்த மோட்டார்சைக்கிள்காரன் ஞாபகம் வந்தான்.
மீள்குடியேறிய முதல் வருடம்,
"அவரைக் கண்டனான், தெற்கில ஒரு முகாமில" என்று வந்தவன்.
தாடைத் தழும்பைச் சொன்னான், நம்பினேன்.
இரண்டு காப்பும் போனபிறகு
ஒரு இரவு படுத்திருக்கையில் விளங்கியது:
தழும்பைச் சொன்னது அவன் இல்லை.
"முகத்தில ஏதோ ஒரு அடையாளம்..." என்று அவன் இழுக்க
மிச்சத்தைச் சொன்னது நான்.

"மற்ற அஞ்சும் அம்மா?"

பேசாமல் இருந்தேன்.

"விளங்காட்டி ஐயாவிட்டப் போனைக் குடுங்கோ.
ராசகுலன் ஐயா பக்கத்திலதானே?"

கடலைச் செடி ஒன்று கையில் இருந்தது.
மண்ணை உதறினேன்.

"தம்பி, அவர் பக்கத்தில இல்லை எண்டு
நான் எழுதிக் குடுக்காத ஒபிஸ் இந்த நாட்டில இல்லை.
நீ எந்த ஒபிஸ்?"

வெட்டிவிட்டான்.

காட்டின் முதுகில் அச்சடித்திருந்த இலக்கத்துக்கு
நானே எடுத்தேன்.
இருபது நிமிடம் நாதஸ்வரம் போட்டார்கள்.
பிறகு ஒரு பெண்பிள்ளை, களைத்த குரல்.
காட் எங்கும் நிற்கவில்லையாம்.
"நாங்கள் ஒருநாளும் அந்த இலக்கம் கேக்கமாட்டம் அக்கா"
என்றாள், அன்றைக்கு நூறாவது தடவையாகச் சொல்கிறவள் போல.

பின்னேரம் கோசலை வீட்டுக்குப் போனேன்.
கார் விழுந்திருக்கு என்று கேட்டுத் தீர்வை கட்டி
எண்பத்தையாயிரமும் ஒரு சினைமாடும் தொலைத்தவள்.
அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை,
எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கும் எடுத்தவங்கள்" என்றேன்.
கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்தாள்.
"காரோ?"
"இல்லை, காட்."
"நல்ல குரலோ?"
"நல்ல குரல். நான் ஒரு இலக்கம் சொல்லியும் போட்டன்."

"அனுப்பேக்கயே தெரியும் கௌரி" என்றாள்.
"தெரிஞ்சுகொண்டுதான் அனுப்பினனான்.
கை நிக்கேல்லை."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.
தேத்தண்ணீர் போட எழும்பினாள்.
குசினிக்குள் இருந்து கேட்டாள்,
எத்தனை கரண்டி சீனி என்று.

"இலக்கம் சொல்லமாட்டன்" என்றேன்.

உள்ளே கரண்டி விழுந்த சத்தம்.
பிறகுதான் சிரிப்பு.